கவுண்டி ஜெயில் கமிஸரி: வீட்டிலிருந்து போடும் பணம் எங்கே போகிறது?

கதிர்_டெக்சஸ் எழுதியது:

வணக்கம். டெக்சஸில் இருக்கிறேன், எந்தக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) என்று சொல்ல விருப்பமில்லை. என் அத்தை மகன் ஒரு வழக்கில் கைதாகி கவுண்டி ஜெயிலில் இருக்கிறான். ஜாமீன் கட்ட வழியில்லை. வழக்கு இன்னும் விசாரணைக்கே வரவில்லை. அவனுக்குப் பணம் போடுவது நான்தான்.

போன வாரம் 50 டாலர் போட்டேன். இணையத்தில் கட்டியதால் அதற்கு மேல் தனியாக ஒரு கட்டணம். உள்ளே போய்ச் சேர்ந்ததும், நர்ஸைப் பார்த்ததற்கான பாக்கி என்று ஒரு பகுதியைக் கழித்துவிட்டார்கள். மிச்சத்தில் கமிஸரியில், அதாவது ஜெயிலில் இருப்பவர்கள் பொருள் வாங்கும் கடையில், வாங்கியதைப் போனில் படித்துக் காட்டினான்: நூடுல்ஸ் பாக்கெட்டுகள், இன்ஸ்டன்ட் காபி, டியோடரண்ட், ஸ்டாம்ப் ஒட்டிய உறைகள், ஒரு ஜோடி சாக்ஸ். வெளியே அரை டாலருக்குக் கிடைக்கும் நூடுல்ஸ் உள்ளே ஒரு டாலருக்கு மேல்.

அவன் கேட்டதை வாங்கிக் கொடுப்பதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் இந்தக் கடையை நடத்துவது யார், லாபம் யாருக்குப் போகிறது, வரிப்பணத்தில் நடக்கும் ஜெயிலில் சாக்ஸுக்கு எதற்குக் காசு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அத்தை ஊரிலிருந்து தினமும் கேட்கிறார், பதில் சொல்ல முடியவில்லை.

---

தணிக்கை_சேகர் எழுதியது:

கதிர், நான் டெக்சஸில் வேறொரு கவுண்டியின் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கமிஸரிக் கணக்கு என் மேஜைக்கு வருவதுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உள்ளே போகிறவரின் பையில் இருக்கும் ரொக்கத்தை எண்ணி, அவர் பெயரில் ட்ரஸ்ட் கணக்கு ஒன்று திறப்பார்கள். அப்புறம் வீட்டார் போடுவதெல்லாம் அதில்தான் சேரும். லாபியில் நிற்கும் கியாஸ்கில் (தொடுதிரை இயந்திரம்) ரொக்கமாகப் போடலாம், இணையத்தில் கார்டில் போடலாம், பல இடங்களில் மணி ஆர்டரும் அனுப்பலாம். முதல் இரண்டுக்கும் கட்டணம் உண்டு. மணி ஆர்டருக்குப் பெரும்பாலும் இல்லை, ஆனால் போய்ச் சேர நாளாகும். அவசரம் இல்லாத வாரங்களில் அதை முயன்று பாருங்கள். உங்கள் ஜெயிலின் வலைத்தளத்தில் முகவரியும் விதிமுறையும் இருக்கும்.

ஆர்டர் எடுப்பதற்கு வாரத்தில் குறித்த நாள், குறித்த நேரம். தங்கியிருக்கும் பிரிவிலேயே இருக்கும் கியாஸ்கிலோ டேப்லெட்டிலோ ஆர்டர் போடுவார்கள். பழைய ஜெயில்களில் பரீட்சைத் தாள் மாதிரி வட்டம் நிரப்பும் படிவம் இன்னமும் உண்டு. வாரத்துக்கு இவ்வளவுதான் என்று செலவு வரம்பும் இருக்கும். பெரும்பாலும் சரக்கு ஜெயிலில் இருப்பதில்லை. நிறுவனத்தின் கிடங்கில் ஒவ்வொருவர் ஆர்டரையும் தனித்தனியே, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பையில் போட்டு, பெயரும் செல் எண்ணும் ஒட்டி லாரியில் அனுப்புவார்கள். பையைத் திறப்பதற்கு முன்பே ரசீதோடு ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். திறந்த பிறகு காபி குறைகிறது என்று சொன்னால் எடுபடாது. இதை உங்கள் அத்தை மகனிடம் சொல்லி வையுங்கள்.

இனி உங்கள் கேள்வி. கடையை நடத்தும் உரிமை டெக்சஸில் ஷெரிஃபுக்கு, அதாவது ஜெயிலுக்குப் பொறுப்பான, தேர்தலில் வரும் கவுண்டிக் காவல் தலைவருக்கு. உள்ளாட்சிச் சட்டத்தின் 351.0415-ஆம் பிரிவு அது. அவரே நடத்தலாம், ஒப்பந்தத்தில் விடலாம். பெரும்பாலானவர்கள் ஒப்பந்தத்தில்தான் விடுகிறார்கள். நிறுவனம் விற்ற தொகையில் ஒரு விழுக்காட்டைக் கவுண்டிக்குக் கமிஷனாகத் தரும். ஸ்டாம்பு போன்றவற்றைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் கமிஷன்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கியாஸ்க், ட்ரஸ்ட் கணக்கைப் பராமரிக்கும் மென்பொருள், சில இடங்களில் பொதி பிரித்துக் கொடுக்கும் ஆள் வரைக்கும் நிறுவனமே 'இலவசமாக' கொடுக்கும். கவுண்டி பட்ஜெட்டில் அதற்கு ஒரு சென்ட் கூட இருக்காது. அந்தச் செலவு முழுக்க நூடுல்ஸ் விலைக்குள் இருக்கிறது. ஒப்பந்தப் புள்ளிகளைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் உறுத்துவது இதுதான். எந்த நிறுவனம் குறைந்த விலைக்கு விற்கிறது என்பதை விட, எது அதிகக் கமிஷன் தருகிறது என்பதற்குத்தான் மதிப்பெண் அதிகம். வாங்குகிறவர் அந்த மேஜையில் இல்லை.

---

பட்ஜெட்_பாண்டியன் எழுதியது:

வேறு கோணமும் பேசப்பட வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கள் கவுண்டியில் சொத்து வரி ஏறிக்கொண்டே போகிறது. ஜெயில்தான் பட்ஜெட்டில் பெரிய செலவுகளில் ஒன்று. மூன்று வேளை சாப்பாடும் உடையும் படுக்கையும் கவுண்டி கொடுக்கிறது. அதற்கு மேல் காபியும் சிப்ஸும் வேண்டும் என்றால் அதைக் காசு கொடுத்து வாங்குவதில் என்ன தவறு? அந்த லாபத்தில் டிவி, நூலகம், ஜி.இ.டி. (பள்ளி இறுதிக்கு இணையான தேர்வு) வகுப்பு என்று உள்ளே இருப்பவர்களுக்கே செலவு செய்கிறார்கள். கமிஷனை நிறுத்தினால் முதலில் நிற்பது அந்த வகுப்புகள்தான். சிறிய கவுண்டிகளுக்கு வேறு வழியே கிடையாது.

---

மேரி_அக்கா எழுதியது:

பாண்டியன் தம்பி, நான் ஃப்ளோரிடாவில் ஒரு ஜெயிலுக்குத் தேவாலயக் குழுவோடு போய் வருகிறவள். மூன்று வேளை சாப்பாடு என்கிறீர்கள், அது எப்போது வருகிறது என்று பாருங்கள். நான் போகும் இடத்தில் காலை உணவு விடிவதற்கு முன்னால், இரவு உணவு மாலை நான்கரை மணிக்கு. அப்புறம் மறுநாள் அதிகாலை வரை ஒன்றும் கிடையாது. வளர்ந்த ஆளுக்கு அத்தனை மணி நேரம் வெறும் வயிறு. ராத்திரி எட்டு மணிக்குப் பசிக்கும்போது நூடுல்ஸ் சாப்பிடுவது சொகுசு ஆகாது.

அதை அவர்கள் சமைப்பதைப் பார்த்திருக்கிறேன். நூடுல்ஸைப் பாக்கெட்டோடு நொறுக்கி, சிப்ஸ் பையில் கொட்டி, குழாயில் வரும் சுடுநீரை ஊற்றி, வாயை இறுக்கி மடித்துத் துண்டில் சுற்றி வைப்பார்கள். காசு உள்ளவர் சாஸேஜ் நறுக்கிப் போடுவார், காசு இல்லாதவர் தன் கோப்பையை நீட்டுவார். இரண்டு மூன்று பேர் பங்கு போட்டால்தான் ஒரு வேளை ஆகும்.

குறைந்த விலைக் கண்ணாடி ஒன்று வாங்க முடியாமல் பைபிளைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு படிக்கிற வயதான பெண்களும் உண்டு. படிக்கும் கண்ணாடியும் கமிஸரிப் பட்டியலில்தான் இருக்கிறது.

---

ஹன்ட்ஸ்வில்_மணி எழுதியது:

மேரி அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் இருப்பது அலபாமாவில். எங்களுக்குப் பக்கத்தில்தான் மார்கன் கவுண்டி. அங்கே ஷெரிஃபாக இருந்த கிரெக் பார்ட்லெட்டை 2009 ஜனவரியில் ஃபெடரல் (மத்திய அரசு) நீதிபதியே ஜெயிலில் போட்டார். கைதி ஒருவருக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்கு மாநிலம் கொடுத்தது 1.75 டாலர். அதில் மிச்சம் பிடிப்பதை ஷெரிஃபே சொந்தமாக எடுத்துக்கொள்ளலாம் என்று பழைய சட்டத்துக்குப் பொருள் சொல்லி வந்தார்கள். அவர் மூன்று ஆண்டுகளில் எடுத்துக்கொண்டது 2,12,000 டாலர். லாரி நிறைய மலிவாகக் கிடைத்த கார்ன் டாக்கை (சோளமாவில் தோய்த்துப் பொரித்த சாஸேஜ்) வாரக்கணக்கில் போட்டிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகும் நிற்கவில்லை. எட்டோவா கவுண்டி ஷெரிஃப் டாட் என்ட்ரெகின் சாப்பாட்டு நிதியிலிருந்து 7,50,000 டாலருக்கு மேல் எடுத்துக்கொண்டதும் கடற்கரையில் வீடு வாங்கியதும் 2018-ல் செய்தியில் வந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் அவர் தோற்றார். 2019-ல்தான் சாப்பாட்டுப் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்துச் சாப்பாட்டுக்கே செலவிட வேண்டும் என்று சட்டம் வந்தது.

இது கமிஸரிப் பணம் இல்லை, வேறு நிதி. ஆனால் தட்டில் குறைந்தால் கடையில் கூட்டம் கூடும். இரண்டையும் பிரித்துப் பேசவே முடியாது.

---

தணிக்கை_சேகர் எழுதியது:

மணி சொல்வது சரியான இடம். சந்தையிலும் அது அப்படித்தான் அமைந்திருக்கிறது. ஜெயில் சாப்பாடு போடும் பெரிய நிறுவனங்களில் ஒன்று டிரினிட்டி. கமிஸரியில் பெரியது கீஃப். எச்.ஐ.ஜி. கேபிடல் என்ற தனியார் முதலீட்டு நிறுவனம் டிரினிட்டியை ஏற்கெனவே வைத்திருந்தது. 2016-ல் கீஃப் குழுமத்தையும் வாங்கி, இரண்டையும் டி.கே.சி. ஹோல்டிங்ஸ் என்ற பெயரில் சேர்த்தது. அராமார்க்கும் சாப்பாடு, கமிஸரி இரண்டும் செய்கிற நிறுவனம்தான். தட்டு ஒருவர் கையில், கடையும் அவர் கையில். தட்டில் ருசியும் அளவும் கூடினால் தன் கடை விற்பனையே குறையும் என்ற நிலையில் ஒரு நிறுவனத்தை வைக்கலாமா? நான் பார்த்த வரை எந்தக் கவுண்டிக் கூட்டத்திலும் இந்தக் கேள்வி எழுந்ததில்லை.

பாண்டியன், வகுப்புகள் நின்றுவிடும் என்கிறீர்கள். டெக்சஸ் சட்டத்தில் கமிஸரி லாபத்தை எதற்குச் செலவிடலாம் என்று இருக்கிறது: கல்வி, பொழுதுபோக்கு, மத ஆலோசனை, நூலகம், சட்ட நூலகம், உடை, எழுதுபொருள், சோப்பு போன்றவை. இது வரை சரி. கடைசி வரியில்தான் கதவு அகலமாகத் திறக்கிறது. கைதிகளுடையதோடு 'கட்டடத்தின்' பாதுகாப்புக்கும் உதவும் கட்டுமானம், தொழில்நுட்பம், கருவிகள் என்று அதில் வருகிறது. கேமராவும் கதவுப் பூட்டும் அதற்குள் அடங்கும் என்று வாதிடலாம், வாதிடுகிறார்கள்.

அதே பிரிவில் இன்னொரு வாசகமும் உண்டு. ஜெயிலின் வழக்கமான பட்ஜெட் செலவுக்குக் கமிஸரிப் பணத்தை கமிஷனர்ஸ் கோர்ட் (பெயர்தான் கோர்ட், கவுண்டியை நிர்வகிக்கும் குழு அது) எடுக்கக் கூடாது. அதாவது கவுண்டி தன் கடமையாகச் செய்ய வேண்டியதைக் குடும்பங்களின் தலையில் கட்டக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. இரண்டு வாசகங்களுக்கும் நடுவில்தான் எங்கள் தணிக்கைச் சண்டை முழுவதும்.

---

ரவி_சாக்ரமெண்டோ எழுதியது:

கலிஃபோர்னியாவிலும் இதே கதைதான். இங்கே பீனல் கோடு 4025. கடை லாபமும் தொலைபேசிக் கமிஷனும் கைதிகள் நல நிதிக்குப் போகும். அதை 'முதன்மையாக' கைதிகளின் நலனுக்கும் கல்விக்கும் செலவிட வேண்டும், அதற்குத் தேவைப்படாத பணத்தை ஜெயில் பராமரிப்புக்கு எடுக்கலாம். தேவைப்படுமா படாதா என்று முடிவு செய்வது ஷெரிஃபே. ஆண்டுக்கு ஒரு முறை செலவுக் கணக்கைக் கவுண்டியை நிர்வகிக்கும் மேற்பார்வையாளர் குழுவிடம் கொடுக்க வேண்டும். அது பொது ஆவணம், யாரும் படிக்கலாம்.

பாண்டியன் சாருக்கு ஒரு பதில் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ 2020-ல் இதை நிறுத்திக் காட்டியது. ஜெயில் தொலைபேசி அழைப்புகளை முற்றிலும் இலவசமாக்கினார்கள், கமிஸரிப் பொருள்கள் மேல் கவுண்டி ஏற்றி வைத்திருந்த விலையையும் எடுத்தார்கள். அதுவரை சராசரியாக 43 விழுக்காடு ஏற்றி விற்றுக்கொண்டிருந்தார்கள். வகுப்புகளுக்கான பணத்தை நகரத்தின் பொது நிதியிலிருந்து கொடுத்தார்கள். பணக்கார நகரம், அவர்களால் முடிந்தது என்று சொல்வீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முடியவே முடியாது என்ற வாதம் அத்தோடு போயிற்று.

மாநிலச் சிறைகளுக்கு 2023-ல் ஒரு சட்டம் வந்தது. கேன்டீன் பொருளுக்குக் கொள்முதல் விலைக்கு மேல் 35 விழுக்காட்டுக்கு மிகாமல்தான் ஏற்றலாம். கவுண்டி ஜெயில்களுக்கு அது பொருந்தாது.

---

பட்ஜெட்_பாண்டியன் எழுதியது:

சான் பிரான்சிஸ்கோ விவரத்துக்கு நன்றி ரவி. பொது நிதியிலிருந்து கொடுக்கலாம் என்றால், அதை வாக்காளர்களிடம் சொல்லி ஒப்புதல் வாங்கட்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஜெயிலில் இருப்பவர்களுக்காகப் பள்ளிக்கூடச் சாலையை ஒத்திப் போடச் சொன்னால் எத்தனை பேர் கை தூக்குவார்கள் என்று யோசியுங்கள். அதனால்தான் எல்லா ஷெரிஃபும் இந்த வழியைப் பிடிக்கிறார்கள். அவர்களுக்குக் கெட்ட எண்ணம் என்று நான் நினைக்கவில்லை.

---

வக்கீல்_தேன்மொழி எழுதியது:

எண்ணம் எப்படி இருந்தாலும், பணம் கட்டுவது யார் என்பதைப் பார்ப்போம். அமெரிக்கக் கவுண்டி ஜெயில்களில் இருப்பவர்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினர் இன்னும் தண்டனை பெறாதவர்கள். அதில் பெரும்பாலோர் ஜாமீன் கட்ட முடியாததால் உள்ளே இருப்பவர்கள். கதிரின் அத்தை மகன் போல. டெக்சஸில் பெரும்பாலும் உள்ளே வேலை செய்தாலும் கூலி கிடையாது. ஆக அந்த ட்ரஸ்ட் கணக்கில் விழும் ஒவ்வொரு டாலரும் வெளியே இருக்கும் அம்மாவோ மனைவியோ அக்காவோ போட்டது. பள்ளிச் சாலைக்கு வரி கட்டுவதும் அதே அம்மாதான். அவரிடம் இரண்டாவது முறை வாங்குகிறோம், அவர் கை தூக்கும் வாய்ப்பு இல்லாமலே.

கதிர், மருத்துவப் பாக்கி பற்றி. பல ஜெயில்களில் நர்ஸைப் பார்க்க விண்ணப்பித்தாலே ஒரு கட்டணம் உண்டு. கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் மருத்துவம் பார்க்க மறுக்கக் கூடாது. ஆனால் அது கடனாக ஏறி, அடுத்து விழும் பணத்திலிருந்து கழியும். சில மாநிலங்களில் ஜெயிலில் தங்கியதற்கே நாள் கட்டணம் போடுகிறார்கள். பென்சில்வேனியாவின் லெபனான் கவுண்டியில் நாளுக்கு 10 டாலர் பிடித்ததை எதிர்த்து ஒருவர் வழக்குப் போட்டார். 2000-ல் மூன்றாம் வட்ட ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கவுண்டி பக்கமே தீர்ப்புச் சொன்னது. வெளியே வந்த பிறகும் அந்தப் பாக்கி கணக்கில் நிற்கும். மறுபடி உள்ளே போனால் முதல் நாளே கழிப்பார்கள்.

அத்தை மகனிடம் கழித்த சீட்டைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். எந்தத் தேதி, எந்தக் கட்டணம் என்று அதில் இருக்கும். தவறாகக் கழித்திருந்தால் உள்ளேயே கிரீவன்ஸ் (புகார் மனு) எழுதிப் போட வேண்டும், அதற்குக் காலக்கெடு உண்டு. அதைச் செய்யாமல் பின்னால் ஃபெடரல் நீதிமன்றம் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

பணமே இல்லாதவர்களுக்குச் சோப்பு, பற்பசை, எழுதத் தாளும் உறையும் என்று ஒரு சிறு பொதி கொடுப்பார்கள். அடிப்படைச் சுகாதாரப் பொருளை மறுப்பது அரசியல் சட்டப் பிரச்சினை ஆகிவிடும் என்பது ஜெயில்களுக்குத் தெரியும். ஆனால் கணக்கில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் இருந்தால் அந்தப் பொதி கிடையாது. நீங்கள் அனுப்புகிற சிறு தொகையே சில வாரம் அதைத் தடுத்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பாமல் சேர்த்து அனுப்பினால் இணையக் கட்டணமும் மிச்சம், இந்தச் சிக்கலும் குறையும்.

---

கதிர்_டெக்சஸ் எழுதியது:

தேன்மொழி மேடம், மிக்க நன்றி. சீட்டு கேட்கச் சொல்லிவிட்டேன். வெளியே வரும்போது கணக்கில் மிச்சம் இருந்தால் அது திரும்பக் கிடைக்குமா?

---

வக்கீல்_தேன்மொழி எழுதியது:

கிடைக்கும், எப்படிக் கிடைக்கிறது என்பதில்தான் கவனம். காசோலையாகவோ டெபிட் கார்டாகவோ கொடுப்பார்கள். கார்டு என்றால் மாதக் கட்டணம், செயல்படாமல் வைத்திருந்தால் கட்டணம் என்று கரையும். சிறைகளுக்குப் பணப் பரிமாற்றம் செய்யும் ஜே.பே நிறுவனம், விடுதலையாகிறவர்களுக்குக் கொடுத்த கார்டுகள் பற்றி 2021-ல் ஃபெடரல் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு நடவடிக்கை எடுத்து, 40 லட்சம் டாலரை மக்களுக்குத் திருப்பிக் கொடுக்கவும் 20 லட்சம் டாலர் அபராதம் கட்டவும் வைத்தது. கார்டு கையில் வந்த அன்றே முழுப் பணத்தையும் எடுத்துவிடுவது நல்லது.

---

மேரி_அக்கா எழுதியது:

எங்கள் ஃப்ளோரிடா சட்டத்தில் ஒன்று எனக்குப் பிடிக்கும். கமிஸரி லாபத்தை எதற்குச் செலவிடலாம் என்று பரிந்துரைக்க ஒரு நலநிதிக் குழு வேண்டும், ஜெயில் சாப்ளின் (மத குரு) அதில் இருந்தால் நல்லது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். இறுதி முடிவு ஜெயில் அதிகாரியுடையது என்றாலும், உள்ளே தினமும் ஆட்களோடு பேசுகிற ஒருவர் அந்த அறையில் இருப்பது பெரிய விஷயம். அவருக்குத்தான் கண்ணாடி இல்லாமல் தவிப்பது யார் என்று தெரியும். டெக்சஸிலும் இப்படி ஒரு குழு கேட்கலாமே?

---

ரவி_சாக்ரமெண்டோ எழுதியது:

தொலைபேசி விஷயத்திலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. மார்த்தா ரைட் என்ற பாட்டி, சிறையில் இருந்த பேரனோடு பேச ஆன செலவைத் தாங்க முடியாமல் எஃப்.சி.சி.க்கு (ஃபெடரல் தகவல் தொடர்பு ஆணையம்) மனுக் கொடுத்தது 2003-ல். அவர் இறந்தது 2015-ல். அவர் பெயரையும் தாங்கிய சட்டம் கையெழுத்தானது 2023 ஜனவரியில். 2024-ல் எஃப்.சி.சி. அழைப்புக் கட்டணத்துக்குப் புதிய உச்சவரம்பு வைத்து, ஜெயில்களுக்குத் தரும் கமிஷனையும் தடை செய்தது. 2025-ல் அதையே தள்ளிப் போட்டார்கள். தொலைபேசிக்காவது கேட்க ஒரு ஃபெடரல் ஆணையம் இருக்கிறது. நூடுல்ஸ் விலைக்கு அப்படி எதுவும் இல்லை. போனில் வருமானம் குறையும் இடங்களில் கமிஸரியிலும் டேப்லெட்டிலும் அதை ஈடுகட்டப் பார்ப்பார்கள் என்பது என் பயம். உள்ளூர்க் கூட்டத்தில் பேசுவதைத் தவிர இப்போதைக்கு வேறு வழி தெரியவில்லை.

---

கதிர்_டெக்சஸ் எழுதியது:

சரி, நான் செய்யக்கூடியது என்ன? சேகர் அண்ணா, என்ன ஆவணம் கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள். நான் குடியுரிமை பெற்றவன் இல்லை, கேட்டால் சிக்கல் வருமா?

---

தணிக்கை_சேகர் எழுதியது:

சிக்கல் இல்லை கதிர். டெக்சஸ் பொதுத் தகவல் சட்டத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் விசாரிக்கக் கூடாது. ஷெரிஃப் அலுவலகத்துக்கும் கவுண்டி ஆடிட்டருக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்புங்கள். அத்தை மகனின் பெயரை எழுதாதீர்கள், தேவை இல்லை.

கமிஸரி ஒப்பந்தத்தை, அதன் திருத்தங்களும் இணைப்புகளும் சேர்த்துக் கேளுங்கள். கமிஷன் விழுக்காடு பெரும்பாலும் இணைப்பில்தான் ஒளிந்திருக்கும். இப்போதைய விலைப்பட்டியலையும் கேளுங்கள். அப்புறம் முக்கியமானது, கடந்த இரண்டு நிதியாண்டுகளுக்குக் கமிஸரி நிதியின் வரவு செலவுப் பேரேடு, எந்தத் தேதியில் யாருக்கு எதற்குக் கொடுத்தது என்ற விவரத்தோடு. சுருக்க அறிக்கை போதாது, 'கருவிகள்' என்று ஒரே வரியில் பெரிய தொகை இருக்கும். பேரேட்டில்தான் அது கேமராவா, காரா, புத்தகமா என்று தெரியும்.

ஆடிட்டரிடம் கமிஸரித் தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது, முன்கூட்டிச் சொல்லாமல் போய்க் கணக்கைப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். அறிக்கை கமிஷனர்ஸ் கோர்ட்டுக்குப் போயாக வேண்டும். ஒப்பந்தத்துக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதிதாகப் புள்ளி கோர வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. உங்கள் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று பார்த்து, அதற்கு ஆறு மாதம் முன்பே கூட்டத்தில் பேசுங்கள். மேரி அக்கா சொன்ன குழுவையும், விலைக்கு ஒரு உச்சவரம்பையும் புள்ளி கோரும் ஆவணத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு பேசிப் பயனில்லை. பொதுமக்கள் பேசும் நேரம் சில நிமிடங்கள்தான் இருக்கும், ரசீதை அச்சடித்து எடுத்துப் போங்கள்.

---

பட்ஜெட்_பாண்டியன் எழுதியது:

கதிர், பேரேடு வந்ததும் இங்கே போடுங்கள், பெயர்களை மறைத்துவிட்டு. வகுப்புகளுக்கு எவ்வளவு, மற்றதற்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க நான் உதவுகிறேன். எங்கள் கவுண்டிக்கும் இதே விண்ணப்பத்தை இந்த வாரம் அனுப்பப் போகிறேன். வகுப்புகளுக்குத்தான் போகிறது என்று நானே இத்தனை நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கணக்கைப் பார்த்துவிடலாம்.

---

கதிர்_டெக்சஸ் எழுதியது:

இரண்டு மின்னஞ்சலும் போய்விட்டன. பெற்றுக்கொண்டோம் என்று ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது, ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து இன்னும் வரவில்லை. சேகர் அண்ணா, எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?

---

தணிக்கை_சேகர் எழுதியது:

10 வேலை நாள். அதற்குள் கொடுக்க முடியாவிட்டால் எப்போது கொடுப்பார்கள் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். மறுப்பதானால் பெரும்பாலும் மாநில அட்டர்னி ஜெனரலிடம் தீர்ப்புக் கேட்க வேண்டும், அதற்கும் அதே கெடுதான். ஒன்றுமே வராவிட்டால் பதினோராவது நாள் இங்கே எழுதுங்கள், அடுத்த கடிதத்தைச் சேர்ந்து எழுதுவோம்.